காலியாக விட்ட இருபத்தேழாவது சொல்

பேய், ஆவி, குறி சொல்வது எதையும் நம்பாதவன் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள். நசரத்பேட்டையில் பேய் ஓட்ட வந்தவனிடம் "பேய்க்கு எடை உண்டா?" என்று கேட்டு அப்பாவிடம் அறை வாங்கியவன். அப்படிப்பட்ட நான்தான் இதைச் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள்.

பூந்தமல்லியில் ஒரு வக்கீலிடம் நகல் எழுதும் குமாஸ்தாவாக இருந்தார் ஏகாம்பரம். என்னைவிட ஆறு வயது மூத்தவர், அண்ணாத்தே என்றுதான் கூப்பிடுவேன். அப்படி ஒரு மூளையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நாளெல்லாம் சாட்சிகளின் வாக்குமூலத்தை நகல் எடுத்து எடுத்து அவருக்கு ஒரு எரிச்சல். கண்ணால் பார்த்தவனும் "அடித்தான்" என்கிறான், எவனோ சொல்லக் கேட்டவனும் அதே "அடித்தான்" என்கிறான், பேச்சில் இரண்டும் ஒன்றாகவே இருக்கிறதே என்று. சரி, பொய்க்கு ஒளிந்துகொள்ள இடமில்லாத ஒரு மொழியை நாமே செய்வோம் என்று உட்கார்ந்துவிட்டார்.

அவர் மனைவி அம்புஜம் அக்கா மாங்காட்டு அம்மன் கோயிலுக்குக் கதம்பம் கட்டிக் கொடுப்பவள். அவள் பக்கத்தில் உட்கார்ந்தே யோசித்ததால் மொழியும் பூவிலேயே வந்தது. மல்லி, மருவு, செவ்வரளி என்று மூன்றே குறிகள். மூன்று பூ ஒரு சொல். எப்படி மாற்றி வைத்தாலும் இருபத்தேழு சொற்கள்தான், அதற்கு மேல் ஒன்றுகூடக் கிடையாது. எந்த வாக்கியமும் விஷயம் எப்படித் தெரியும் என்று முதலில் சொல்லியாக வேண்டும். மூன்று மல்லி என்றால் பார்த்தது. மூன்று மருவு என்றால் பிறர் சொல்லிக் கேட்டது. மல்லி, மருவு, அரளி என்று அதே வரிசையில் வந்தால் யோசித்து அறிந்தது. அந்த முதல் சொல் இல்லையென்றால் நீங்கள் எதையும் சொல்லவே இல்லை என்று கணக்கு. எவ்வளவு சுத்தம் பாருங்கள்!

இருபத்தாறு சொல்லுக்குப் பொருள் வைத்து எனக்கும் சொல்லிக்கொடுத்தவர் மூன்று செவ்வரளியை மட்டும் காலியாக விட்டார். ஏன் என்று கேட்டேன்.

"நமக்குத் தெரியாதது ஒண்ணாவது மிச்சம் கீது இல்ல நைனா, அதுக்கு ஒரு எடம் வாணாமா?"

அக்கா சிரிப்பாள். "ஒரு மொழம் ஒயுங்கா கட்டத் தெரியாது, இவரு பூவப் பேச வைக்கப் போறாராம்!"

பிறகு அவருக்கு ரங்கூன் அரிசி மில் ஒன்றில் வேலை கிடைத்துக் கப்பல் ஏறினார். அங்கே குண்டு விழுந்தது, ஜனங்கள் காட்டு வழியாக நடந்தே வருகிறார்கள் என்றார்கள், கடிதம் நின்றுபோனது. ஒருநாள் கள்ளிக்குப்பத்து ஆள் ஒருவன் அந்தக் காட்டு வழியாக எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்து, ஏகாம்பரம் வழியில் காய்ச்சலில் போய்விட்டார் என்றான்.

அக்கா அழவில்லை. "கண்ணால பாத்தியா?" என்று கேட்டாள்.

"பாக்கல தாயி. கூட வந்தவன் சொன்னான்."

"அப்போ பாத்தவன் வரட்டும்."

அக்காவின் மாமனாருக்குக் கோபம். "ஊருக்கே தெரிஞ்சி போச்சு, இவளுக்கு மட்டும் சாட்சி வோணுமாம்! இன்னா, கோர்ட்டா நடக்குது இங்க?" என்று காரியத்துக்கு நாள் குறித்துவிட்டார். அன்றைக்கு அவள் தாலியைக் கழற்றியாக வேண்டும்.

அதற்கு முந்தின நாள் உச்சிவெயில் நேரத்தில் போனேன். அக்கா யாரிடமோ பேசிக்கொண்டே பூக் கட்டிக்கொண்டிருந்தாள். நாலு மல்லி, ஒரு மருவு, ஒரு அரளி என்பதுதான் கோயில் வரிசை, அவள் கை அதை மறந்ததே இல்லை. சரத்தில் ஒரு இடத்தில் என் கண் நின்றது. மூன்று செவ்வரளி. அதை அடுத்து ஒன்பது பூ. விரலை வைத்து எண்ணினேன், மறுபடியும் எண்ணினேன். அந்த ஒன்பதும் மூன்று சொற்கள்: நான். வழி. முடிந்தது.

"இன்னா நைனா, அப்டி பாக்கறே?"

"வரிசை மாறியிருக்கு அக்கா."

அவள் பார்த்தாள். "அட, ஆமா. கை எங்கியோ போயிடுச்சு." அந்தத் துண்டை அறுத்துப் போட்டாள். நான் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

பக்கத்திலிருந்து கேட்டுக் கேட்டு இருபத்தாறு சொல்லையும் அவள் கற்றிருக்கலாம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் மூன்று அரளிக்குப் பொருளே இல்லையே! அவர் விதிப்படி அது சொல்லாத வாக்கியம். அதனால் அக்காவிடம் வாயைத் திறக்கவில்லை. மாமனாரிடம் போய், படித்தவன் என்ற தைரியத்தில், பார்த்த சாட்சி இல்லாமல் காரியம் செய்யக் கூடாது என்று மன்றாடினேன். முணுமுணுத்துக்கொண்டே தள்ளிவைத்தார்.

நாலு மாதம் கழித்து, பல கை மாறி, ஈரத்தில் நைந்த கடிதம் ஒன்று வந்தது. ஏகாம்பரத்தின் எழுத்து, அந்தச் சரம் கட்டிய நாளுக்குப் பல வாரம் முந்தின தேதி. அக்காவுக்குப் படிக்கத் தெரியாது, என்னிடம் நீட்டினாள். காடு, மழை, பசி என்று படித்துக்கொண்டே வந்தவன் கடைசிப் பக்கத்தில் ஒரு பத்தியைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போய், "எல்லோருக்கும் என் அன்பு" என்று முடித்தேன். என் குரல் மாறவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன்.

அக்கா கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செவப்புப் பூவப் பத்தி எழுதிக்கிறாரே, அத ஏன் நைனா உட்டுட்டே?"

படித்தேன். வேறு என்ன செய்ய? "தம்பியிடம் சொல்லவும். இங்கே தினமும் யாராவது சாகிறார்கள். பார்த்தவன் சொல்கிறான், கேட்டவன் சொல்கிறான். செத்தவன் தன் சாவைத் தானே சொல்ல என் மொழியில் வழியில்லை என்று இன்றுதான் தெரிந்தது. பெரிய குறை. காலியாக விட்ட மூன்று செவ்வரளியை அதற்குக் கொடுத்துவிட்டேன்."

அக்கா எழுந்து உள்ளே போனாள். வெளியே வந்தபோது கழுத்தில் தாலி இல்லை. மாமனார் பதறி, "எந்த சாட்சிம்மா வந்தான்?" என்றார்.

"சொல்ல வேண்டியவரே சொல்லிட்டாரு மாமா."

காய்ந்துபோன அந்தப் பன்னிரண்டு பூ இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. போன மாதம்தான் தைரியம் வந்து அவளைக் கேட்டேன். "அந்தப் பத்தி இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும் அக்கா? பார்த்தியா, யாராவது சொன்னாங்களா, நீயே யோசிச்சியா?"

நூலைப் பல்லில் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னாள்:

"மூணும் இல்ல நைனா."