வளர்ச்சி என்று சொன்ன வாய்

குடும்பம் நடத்துவதே முழுநேர உத்தியோகம். கான்வென்ட்டில் இங்கிலீஷ் படித்தவளுக்கு அதோடு, ஒருவர் பேச்சை இன்னொருவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி வேலையும் வந்து சேரும், சம்பளம் கிடையாது. உறவுக்காரர்களுக்காக ஆஸ்பத்திரி பெஞ்சைத் தேய்த்த சகோதரிகளே, உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்.

ஒரு சொல்

என் நாத்தனார் பாக்கியம், கீழே கடையும் மேலே வீடுமான தன் கடைவீட்டை அறை அறையாக வாடகைக்கு விட்டிருப்பவள். அவளுக்கு மார்பில் நெல்லிக்காய் அளவு கட்டி. வெள்ளைக்கார டாக்டர் அழுத்திப் பார்த்தார், அக்குளையும் தடவிப் பார்த்தார், 'க்ரோத்' என்றார். அடுப்பில் பருப்பை விட்டுவிட்டு வந்த அவசரம் எனக்கு. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: வளர்ச்சி. பாக்கியத்தின் முகம் தெளிந்துவிட்டது. ரிக்‌ஷாவில் ஏறும்போது சொன்னாள்: "வளர்ச்சிதானே அண்ணி. தேய்ஞ்சு போகுதுன்னாதான் கவலை."

அறைகள்

மறுபடி இழுத்துக்கொண்டு போனேன். இந்தத் தடவை டாக்டர் 'செல்' என்றார். எனக்குத் தெரிந்த செல், கன்னியாஸ்திரிகள் படுக்கிற அறைதான். அப்படியே சொல்லிவைத்தேன்: கட்டி முழுக்க உயிருள்ள சின்னச் சின்ன அறை, ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும்.

"ஒண்ணுமே சாகாதா?" என்று கேட்டாள். சாகும் என்றார் டாக்டர். நடுவில் ரத்தம் எட்டாமல் நிறையவே சாகும். ஓரத்தில் அதைவிட அதிகம் பிறக்கும். இப்போதே அறுத்தெடுத்துவிட வேண்டும். அவள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டாள். "தானாவே சாகுதுல்ல, மிச்சமும் சாகட்டும் அண்ணி. தைப்பூசம் கழியட்டும்."

கடைவீடு

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் ஏறி இறங்கினாள். கட்டி எலுமிச்சை அளவாகிவிட்டது. எனக்குப் பொறுமை போய்விட்டது. "உன் வீட்டையே பாருடி. சன்னல் இல்லாத நடு அறையில எவனாவது தங்கறானா? அதனால வீடு காலியாச்சா? ஒருத்தன் போனா வாசப்பக்கம் ரெண்டு பேர் வர்றாங்க."

வெற்றிலை மடித்த கை நின்றது. "வாசல்ல இடம் போதலைன்னா பக்கத்து வீட்டுக்குப் போயிடுவாங்களே" என்றாள். அதைத்தான் டாக்டர் உன் அக்குளில் தேடுகிறார் என்றேன். மடித்த வெற்றிலையைத் தட்டிலேயே திருப்பி வைத்தாள். பிறகு, "நாளைக்கே போகலாம் அண்ணி. ஒருத்தனையும் மிச்சம் வைக்கக் கூடாதுன்னு சொல்லுங்க. ஒருத்தன விட்டா ஊரையே கூட்டியாந்துருவான்."

வார்டில்

அறுவை முடிந்து மயக்கம் தெளிந்தது. டாக்டர் கட்டிலருகே நின்று, எல்லாவற்றையும் எடுத்துவிட்டதாக நம்புகிறேன் என்று இங்கிலீஷில் சொன்னார். எல்லாம் எடுத்தாச்சாம் என்றேன் நான். கட்டுப் போட்ட பக்கம் பார்க்காமல் கேட்டாள்: "அப்ப வளர்ச்சி இல்லையே அண்ணி?"

இல்லை என்றேன், 'நம்புகிறேன்' என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் துபாஷிக் கூலியாக நானே வைத்துக்கொண்டேன்.