கணக்கில் சேராத பிள்ளைகள்

நூலக அறிவியல் படிக்கப் போகிறேன் என்று ரமீஜா சொன்னபோது, முல்லா வீதியில் எதிர்வீட்டுக்காரர் கேட்டது ஒன்றுதான். "புத்தகத்த எடுத்துக் குடுக்கறதுக்கு ஒரு படிப்பா?" அவளுடைய அத்தா ஹிதாயத்துல்லா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மார்க்கெட் பக்கம் பை, சூட்கேஸ் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர் அவர். பிடித்ததைப் படிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ்வழியில் படித்தவள் ரமீஜா. கல்லூரிக்குப் போன முதல் வருஷம் ஆங்கிலப் பாடங்கள் தலைக்கு மேல் ஓடின. முதுகலையில் அவள் பயந்து பயந்து எடுத்தது புள்ளியியல். கடைசியில் அவளுக்குப் பிடித்துப்போனதும் அதுதான். வகுப்பில் சரளமாக ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு ஒரு மரியாதை இருந்தது. கணக்கில் அது செல்லாது. விடை சரியாக வந்தால் வந்ததுதான்.

படித்து முடித்ததும் கோரிமேட்டுக்கு அப்பால் ஒரு தனியார் கலைக் கல்லூரியில் உதவி நூலகராகத் தற்காலிக வேலை கிடைத்தது. கல்யாணமும் ஆயிற்று. கணவன் ஹாதி பைக் உதிரிபாகக் கடை வைத்திருந்தான். கொஞ்சம் பேசுவான், நிறையக் கேட்பான். மகள் சானியா பிறந்து பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, கல்லூரியிலேயே இருந்த ஆராய்ச்சி மையத்தில் ரமீஜா முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தாள். பட்டம் இல்லாமல் வேலை நிரந்தரமாகாது என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. நெறியாளர் ஜானகிராமன், நூலகத்துறைத் தலைவர், அவளுடைய மேலதிகாரியும் அவரே.

மாணவர்கள் ஏன் நூலகத்துக்கு வருவதில்லை என்பதுதான் அவளுடைய கேள்வி. எப்படித் தேடுவது, எங்கே என்ன இருக்கிறது என்று முறையாகச் சொல்லிக்கொடுத்தால் வருவார்களா? முதலாமாண்டு மாணவர்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்தாள். ஒரு பாதிக்கு நூலக வகுப்பு எடுத்தாள். மறுபாதிக்கு எடுக்கவில்லை. பள்ளியில் என்ன வழியில் படித்தார்கள், நூலகத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு கேள்வித்தாளும் எல்லோருக்கும் கொடுத்தாள். அந்தப் பருவம் முழுக்க யார் எத்தனை தடவை நூலகத்துக்குள் வந்தார்கள் என்று வாசலில் இருந்த கார்டு எந்திரம் பதிந்துகொண்டது.

முடிவைக் கணினியில் போட்டுப் பார்த்த அன்று அவளுக்குக் கொஞ்சம் சப்பென்றுதான் இருந்தது. இரண்டு பாதிக்கும் வித்தியாசமே இல்லை. வகுப்பு எடுத்ததும் ஒன்றுதான், எடுக்காததும் ஒன்றுதான். ஆனால் ரமீஜா அதோடு விடவில்லை. பள்ளியில் என்ன வழியில் படித்தார்கள் என்று பிரித்துப் போட்டுப் பார்த்தாள். பார்த்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆங்கிலவழியில் படித்து வந்தவர்கள் வகுப்புக்குப் பிறகு அடிக்கடி வந்திருந்தார்கள். தமிழ்வழிப் பிள்ளைகளோ, வகுப்புக்குப் பிறகு வருவதைக் குறைத்திருந்தார்கள். ஒன்றின் ஏற்றமும் மற்றொன்றின் இறக்கமும் சேர்ந்து, மொத்தத்தில் ஒன்றுமே நடக்காததுபோலக் காட்டியிருந்தன.

இதுதான் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டு ஜானகிராமன் அறைக்கு ஓடினாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. அவள் பிரசவ விடுப்பில் இருந்தபோது வேலை போகாமல் பார்த்துக்கொண்டவர்.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா நம்ம தலைப்பு என்ன? நூலக வகுப்பால பயன் உண்டாங்கறது. அதுக்கு நீ உண்டும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. எக்ஸாமினர் குழம்பிடுவாரு."

"ஏன் குறைஞ்சுதுன்னு இன்னொரு வருஷம் எடுத்துப் பாக்கட்டுமா சார்?"

"உன் பதிவு எப்ப முடியுது? அடுத்த வருஷம் நீட்டிப்பு கேட்டா குடுப்பாங்களா, எனக்குத் தெரியாது. நான் ஒண்ணு சொல்றேன். கேள்வித்தாள் இங்கிலீஷ்ல இருந்துச்சு இல்ல? தமிழ் மீடியம் பசங்களுக்கு அது சரியா புரிஞ்சிருக்காது. அவங்க பதில நம்ப முடியாது. அதனால ஆய்விலிருந்து நீக்கியிருக்கோம்னு மூணாவது அத்தியாயத்துல ஒரு வரி போடு. முறையான காரணம்தான்."

"கேள்வித்தாள் சரி சார். ஆனா வந்தாங்களா இல்லையாங்கறத கேள்வித்தாளா சொல்லுது? கார்டு எந்திரம் சொல்லுது."

ஜானகிராமன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ரமீஜா, முதல்ல பட்டத்த வாங்கு. அப்புறம் நீயே நூறு கட்டுரை எழுதலாம், யாரு வேணாங்கறா?"

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அதைச் செய்தாள். ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை. பொய்யாக ஒன்றையும் சேர்க்கவில்லை. கணினியின் வடிகட்டியில் ஒரு கட்டளை கொடுத்தாள். தமிழ்வழிப் பிள்ளைகள் அத்தனை பேரும் திரையிலிருந்து போனார்கள். மீதி இருந்தவர்களிடம் நூலக வகுப்பு பிரமாதமாக வேலை செய்திருந்தது. வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளித் தேர்வாளர் முடிவின் தெளிவைப் பாராட்டினார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தாவுக்கு ஒரு வார்த்தை புரியாவிட்டாலும், கைதட்டும்போது எல்லோரையும்விடக் கொஞ்சம் அதிக நேரம் தட்டினார்.

வேலை நிரந்தரமாயிற்று. ஜானகிராமன் துணை முதல்வரானார், ரமீஜா நூலகரானாள். அதோடு முடிந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வருஷம் கல்லூரிக்குத் தரச்சான்று கொடுக்கும் குழு வருவதாக இருந்தது. உங்கள் கல்லூரியின் தனிச்சிறப்பு என்ன என்று அவர்கள் கேட்பார்கள். ஜானகிராமன் ரமீஜாவின் ஆய்வை நிர்வாகத்திடம் கொண்டுபோனார். முதலாமாண்டு மாணவர் அனைவருக்கும் நூலக வகுப்பு கட்டாயம். வராதவருக்குத் தேர்வு அனுமதிச்சீட்டு கிடையாது என்று சுற்றறிக்கை வந்தது. குழு வந்தது, பார்த்தது, மெச்சியது. நல்ல புள்ளியும் போட்டது. இனி அந்த வகுப்பில் யாரும் கைவைக்க முடியாது.

எடுக்க வேண்டியவள் ரமீஜா. ஒவ்வொரு ஆகஸ்டிலும் கணினி ஆய்வகத்தில் திரை இறங்கும். குழு பார்த்துவிட்டுப் போன அதே ஆங்கில ஸ்லைடுகள். நடுவே ஒரு மாணவரை முன்னால் கூப்பிட்டு, எல்லோரும் பார்க்க ஒரு புத்தகத்தைத் தேடச் சொல்ல வேண்டும். அதுவும் ஸ்லைடில் இருந்தது. வருஷத்துக்கு வருஷம் தமிழ்வழிப் பிள்ளைகள் கூடிக்கொண்டே போனார்கள். ரமீஜாவுக்கு அது தெரியும். அவள் பேசிக்கொண்டேதான் போவாள்.

கவிநிலா என்ற பெண்ணை அவள் கவனித்தது அந்தப் பெண் சேர்ந்த வருஷத்து வகுப்புக்கு முன்பே. அரியாங்குப்பத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற பி.ஏ. வரலாறு மாணவி. அப்பா முன்பு மில்லில் இருந்தவர், இப்போது பெயிண்டர். கல்லூரி திறந்த முதல் மாதம் முழுக்க மதியச் சாப்பாட்டை அவசரமாக முடித்துக்கொண்டு நூலகத்துக்கு வந்துவிடுவாள். தமிழ் நாவல் அலமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து படிப்பாள். நாற்காலியில் உட்காரச் சொன்னால் எழுந்து உட்காருவாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி தரையில் இருப்பாள். ஆகஸ்டுக்குப் பிறகு அவளைக் காணோம்.

டிசம்பரில் ஒருநாள் மழைக்கு ஒதுங்கிய கூட்டத்தில் போர்ட்டிகோவில் அவளைப் பார்த்தாள் ரமீஜா.

"என்னம்மா, லைப்ரரி பக்கமே வர்றதில்ல?"

கவிநிலா துப்பட்டாவைப் பிழிந்துகொண்டு நின்றாள். "டைம் இல்ல மேடம்."

"முன்னல்லாம் இருந்துச்சே."

பிழிந்த துப்பட்டாவை உதறியபடி அவளே சொன்னாள். "முன்ன நேரா போய் எடுத்துப் படிப்பேன் மேடம். அப்புறம் நீங்க கிளாஸ்ல, அப்படிப் போய் எடுக்கறது தப்பு, கம்ப்யூட்டர்ல தேடிட்டுதான் போவணும்னு சொன்னீங்க. எனக்கு இங்கிலீஷ்ல ஸ்பெல்லிங் வராது."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"அன்னிக்கு என்னத்தான கூப்ட்டீங்க முன்னாடி. ஹிஸ்டரின்னு அடிக்கச் சொன்னீங்க. நான் தப்பா அடிச்சேன். எல்லாரும் சிரிச்சாங்க. நீங்க கூட லேசா..." அவள் அங்கேயே நிறுத்திக்கொண்டாள். "பரவால்ல மேடம். பஸ்ஸுக்கு நேரமாச்சு." மழை விடவில்லை. ஆனாலும் இறங்கிப் போய்விட்டாள்.

ரமீஜாவுக்கு அப்படி ஒருத்தியைக் கூப்பிட்ட நினைவே இல்லை. சிரித்தாளா என்பதும் தெரியவில்லை. சிரித்திருக்கலாம். ஏன் குறைந்தது என்று அவள் இன்னொரு வருஷம் ஆராயப் புறப்பட்ட கேள்விக்குப் பதில் இப்படி அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

அந்த வாரக் கடைசியில் பழைய தரவை எடுத்து, நீக்கியவர்களையும் சேர்த்து ஒரு கட்டுரை எழுதினாள். ஜானகிராமன் அதைத் தன் அறை வாசலில் நின்றபடியே படித்தார். பிறகு உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"இத எங்கயும் அனுப்பிடலயே?"

"இல்ல சார். பட்டம் வாங்கிட்டு எழுதலாம்னு நீங்கதான் சொன்னீங்க."

"சொன்னேன். அப்ப இந்த வகுப்பு கிடையாது. இப்ப நீ இத போட்டா முதல்ல என்ன கேப்பாங்க? இது உனக்கு அப்பவே தெரியுமான்னு கேப்பாங்க. தெரியும்னு சொன்னா, தீசிஸ்ல ஏன் இல்லம்பாங்க. விசாரணை வைப்பாங்க. பட்டம் போவும். பட்டத்துக்காகக் குடுத்த வேலையும் போவும்." அவர் குரலை உயர்த்தவே இல்லை. "என் கையெழுத்தும் அதுல இருக்குது. தரச்சான்றும் அது மேலதான் நிக்குது. நீ ஒரு கல்ல மட்டும் உருவறதா நினைக்கற, ரமீஜா."

"அப்ப வகுப்பயாவது தமிழ்ல எடுக்கறேன் சார்."

"குழு பாத்த வடிவத்துல நடக்கணும். அடுத்த தடவ வந்து கேப்பாங்க."

இருந்தும் மறு ஆகஸ்டில் ஒரு பிரிவுக்கு அவள் தமிழில் எடுத்தாள். ஸ்லைடை அணைத்துவிட்டுப் பிள்ளைகளை அலமாரிகளுக்கு நடுவே கூட்டிப்போனாள். அன்று நூலகத்தில் சத்தம் அதிகம்தான். வணிகவியல் துறைத் தலைவர் அன்பழகன் முதல்வரிடம் போய்ச் சொன்னார்; அவரைக் குறை சொல்லவும் முடியாது, பக்கத்து அறையில் அவர் தேர்வு நடத்திக்கொண்டிருந்தார். ரமீஜாவிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். இனி அங்கீகரிக்கப்பட்ட முறையிலேயே நடத்துவேன் என்று எழுதிக் கொடுத்தாள்.

வீட்டில் ஹாதியிடம் சொன்னாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்திச் சொன்னான். "வேற காலேஜ் பாரேன்."

"எந்தக் காலேஜுக்குப் போனாலும் இந்தத் தீசிஸ்தான் என் தகுதி. அதக் காட்டித்தான வேல கேக்கணும்?"

"வேணான்னு விட்டுட்டு வீட்ல இரு. கடை ஓடுது, பாத்துக்கலாம்."

"விட்டா மட்டும் அந்த வகுப்பு நிக்குமா? வேற ஒருத்தி எடுப்பா. அவளுக்கு இது தெரியக்கூடத் தெரியாது."

ஹாதி சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டான்.

அடுத்து நடந்தது அவள் எதிர்பாராதது. மற்றக் கல்லூரிகளும் அந்த வகுப்பைக் கேட்டு வந்தன. காலாப்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் நூலகர்களுக்குப் பயிற்சிப் பட்டறை வைத்தார்கள். பயிற்சி கொடுக்க முனைவர் ரமீஜாவை அனுப்புவதாக முதல்வர் ஒப்புக்கொண்டுவிட்டார். அவளைக் கேட்கவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலைப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனாள். வாசலில் பன்னீர் தெளித்தார்கள். சால்வை போர்த்தினார்கள். தன் ஸ்லைடுகளை அவள் மறுபடி ஒருமுறை ஓட்டினாள். கையில் குறிப்பு இல்லாமலே வாய் தானாகப் பேசியது.

கேள்வி நேரத்தில் தஸ்லீம் என்று ஒரு பெண் எழுந்தாள். பாகூர்ப் பக்கம் ஏதோ கல்லூரியில் புதிதாகச் சேர்ந்திருந்த நூலகர். "மேடம், எங்க காலேஜ்ல முக்கால்வாசி தமிழ் மீடியம் பசங்க. அவங்களுக்கும் இது இப்படியே வேல செய்யுங்களா?"

எல்லோரும் ரமீஜாவைப் பார்த்தார்கள். 'செய்யும்' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம்.

"என் ஆய்வுல தமிழ் மீடியம் பசங்க இல்லம்மா."

"ஏன் மேடம்?"

"எடுத்துட்டோம்."

தஸ்லீம் இன்னும் நின்றுகொண்டிருந்தாள், அடுத்த வார்த்தைக்காக. பக்கத்தில் இருந்த அமைப்பாளர் ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்து, நேரமாகிவிட்டது, டீ தயாராக இருக்கிறது என்று அறிவித்தார். நாற்காலிகள் நகர்ந்தன. டீ குடிக்கிற இடத்தில் தஸ்லீமைத் தேடினாள் ரமீஜா. அவள் கிளம்பிவிட்டதாகச் சொன்னார்கள். ஒருவேளை அந்தப் பெண் ஊருக்குப் போய் அந்த வகுப்பை நடத்தாமல் இருக்கலாம். நடத்தவும் செய்யலாம், சுற்றறிக்கை வந்தால் அவள்தான் என்ன செய்வாள்.

அந்தப் பட்டறை நடந்தது போன வருஷம். கவிநிலா படிப்பை முடித்துவிட்டாள். நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்கு இருப்பதாகக் கேள்வி. பெருநாள் துணி எடுக்க ரமீஜா அந்தக் கடைக்குப் போகாமல் வேறு கடைக்குப் போனாள். ஜானகிராமன் ஓய்வு பெற்றுச் சென்னையில் மகனோடு இருக்கிறார்.

இந்த ஆகஸ்டிலும் கணினி ஆய்வகத்தில் திரை இறங்கியது. ஒரு மாணவரை முன்னால் அழைக்கவும் என்ற ஸ்லைடு வந்தபோது ரமீஜா யாரையும் அழைக்கவில்லை. தானே விசைப்பலகையில் உட்கார்ந்து தேட வேண்டியதை அடித்தாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான். பின்வரிசைப் பிள்ளைகள் வருகைப் பதிவு எப்போது எடுப்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அடுத்த ஸ்லைடுக்குப் போனாள்.