முட்டிவலி ஊர்

எங்கள் ஊர் மருத்துவமனை வாசலில் நிற்கும் அந்த இயந்திரத்தைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். அதற்கு நேரெதிரேதான் என் இடம். வருகிறவர்களின் குளிர்க் கோட்டுகளை வாங்கி மாட்டிவிட்டு, அடையாள வில்லையைக் கையில் கொடுப்பது என் வேலை. அதனால் நாள் முழுக்க அந்தச் சனியன் முகத்தில்தான் விழிக்கிறேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது நிக்கிஃபோரைப் பற்றி. நீஸ்திர் ஆற்றின் இந்தக் கரையில் அவர் டியூபா ஊதாமல் ஒரு கல்யாணம் நடந்ததில்லை, ஒரு பிணம் குழிக்குள் இறங்கியதில்லை. ஆளை விழுங்கும் அளவுக்கு வாய் அகன்ற பித்தளைக் குழல் அது. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வாத்தியக் குழுவின் கடைசியில் நடந்து வருவார். மனைவி போய்ச் சேர்ந்த பிறகும் அவர் சட்டைக் காலர் கசங்கி நான் பார்த்ததில்லை. மாப்பிள்ளை முகம் வாடியிருந்தால் குழலை இறக்கி வைத்துவிட்டு, "என்னடா மாப்ளே, இப்பவே உனக்குச் சாவுப் பாட்டு வாசிச்சிடட்டுமா?" என்பார். பந்தியே சிரிக்கும்.

அந்த மனிதருக்குத்தான் அந்தத் தொந்தரவு வந்தது. ஒருநாள் காலையில் கோட்டைக் கழற்றிக் கொடுக்கும்போது என் காதோரம் குனிந்தார்.

"அனீசியா, மூத்திர டாக்டரைப் பாக்கணும். மூச்சுப் பிடிச்சு ஊதினா நிக்க மாட்டேங்குது. இத்தனை நாள் கறுப்புக் கால்சட்டை போட்டுச் சமாளிச்சேன்."

"வெக்கப்படாமப் போங்கண்ணே. இதுக்குத்தானே டாக்டர் இருக்காரு."

"ஊதலைன்னா நான் எதுக்கும்மா?"

முன்பெல்லாம் ரயிஸா என்று ஒருத்தி சீட்டு எழுதும் சன்னலில் இருந்தாள். தலையை உள்ளே விட்டு மெல்லச் சொன்னால் போதும், எழுதித் தந்துவிடுவாள். யாரோ தானம் தந்தார்களென்று அந்தச் சன்னலைப் பலகை வைத்து அடைத்துவிட்டு இந்த இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். திரையில் ஆள் உயரத்துக்கு ஒரு மனித உருவம். எங்கே தொந்தரவோ அங்கே தொட்டால் அதற்கான டாக்டருக்குச் சீட்டு வரும். கண் தெரியாதவர்களுக்கும் உதவ வேண்டும் என்று அதற்கு ஒரு குரலும் வைத்திருந்தார்கள். நல்ல எண்ணம்தான், யார் இல்லை என்றது. ஆனால் கூடம் முழுக்கக் கேட்கும் குரல். குறைக்க வழியில்லை.

இதைச் செய்தவன் ஒரு மனிதன் தனியாக வந்து நின்று தொடுவான் என்று நினைத்திருக்கிறான். எங்கள் ஊரில் எவன் தனியாக நின்றான்? உள்ளே நுழைந்ததும் "கடைசி யாரு?" என்று கேட்டு அந்த ஆளின் முதுகில் ஒட்டிக்கொள்வதுதான் எங்கள் வரிசை. முன்னால் நிற்பவர் கொஞ்சம் திணறினால் பின்னாலிருந்து மூன்று கைகள் நீளும். எல்லாம் முடிந்ததும் திருப்தியா என்று கேட்டுத் திரையில் இரண்டு முகங்கள் வரும். பச்சை முகம் சிரிக்கும், சிவப்பு அழும். ஒன்றை அமுக்கினால்தான் அடுத்த ஆளுக்கு வழிவிடும். யாராவது அமுக்காமல் நகர்ந்தால் பின்னால் இருப்பவர் பச்சையை ஒரு தட்டுத் தட்டிவிடுவார்.

நிக்கிஃபோர் போய் நின்றார். உருவத்தின் அடிவயிற்றுக்குக் கீழே தயங்கித் தொட்டார்.

"சிறுநீர் கசிகிறதா? ஆம் என்றால் பச்சை, இல்லை என்றால் சிவப்பு" என்றது குரல். கூடத்தில் தலைகள் திரும்பின.

அவர் முதுகுக்குப் பின்னால் பராஸ்கோவியா. கல்யாண வீடுகளில் சமையல் செய்பவள், அவர் ஊதிய பந்திகளுக்கெல்லாம் மமலிகாச் சோளக்களி கிண்டியவள். "காது கேக்கலையாண்ணே? சிறுநீர் கசியுதான்னு கேக்குது. பச்சையை அமுக்குங்க" என்றாள். உதவி செய்கிறாளாம்.

"கை தவறிப் பட்டுடுச்சு. எனக்கு முட்டிவலி" என்று அவர் முட்டியைத் தொட்டார். இயந்திரம் எலும்பு டாக்டரிடம் அனுப்பியது. அந்த டாக்டர் நல்ல முட்டியை அமுக்கிப் பார்த்துக் களிம்பு எழுதிக் கொடுத்தார்.

நிக்கிஃபோர் மட்டுமா? எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். மாதவிலக்கு தள்ளிப்போன பெண், தூக்கமில்லாமல் தனக்குத்தானே பேசுகிறவன், மூலம் வந்த பள்ளிக்கூட வாத்தியார், எல்லார் விரலும் குரல் வந்ததும் வழுக்கி முட்டிக்கு இறங்கியது. கருமம், பார்க்கவே சகிக்காது.

தோள் வலி என்று சொல்லி நிக்கிஃபோர் ஊதுவதை நிறுத்தினார். பனிக்காலம் போன பிறகு ஒருநாள் திரும்ப வந்தார். காலர் கசங்கியிருந்தது. "இப்ப ரத்தமும் வருது அனீசியா. இன்னிக்கு என்ன ஆனாலும் சரி, சொல்லிடுறேன்" என்றார்.

அன்றுதான் தலைநகரிலிருந்து ஒக்தவியான் வந்திருந்தான். இயந்திரம் தந்தவர்களின் ஆள். கூர்மூக்குச் செருப்பு, கூடம் நிறைய வாசனைத் தண்ணீர். எல்லாரையும் கூட்டி நிறுத்தினான்.

"உங்க ஊர்ல முட்டிவலிதான் பெரிய பிரச்சினைன்னு இயந்திரம் கண்டுபிடிச்சிருக்கு. அதனால முட்டிக்குன்னு தனிப் பிரிவு வருது. சிறுநீர் டாக்டரை ஒருத்தருமே கேக்கலை, அவரை வேற ஊருக்கு மாத்தியாச்சு."

கை தட்டினார்கள். பொய் முட்டிக்காரர்கள் அத்தனை பேரும் தட்டினார்கள். விஷயம் எனக்குத் தெரியும். ஆனால் நான் வாயைத் திறந்தால் அந்தக் குரலுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? மாட்டியிருந்த கோட்டுகளைச் சரிசெய்யத் திரும்பிக்கொண்டேன்.

நிக்கிஃபோர் முன்னால் போனார். சாவு வீட்டில் ஊதப் போகிறவர் மாதிரி நிமிர்ந்து நின்றார்.

"தம்பி, எனக்கு முட்டியில ஒண்ணும் இல்ல. மூத்திரம் ஒழுகுது. ரத்தமா வருது. அந்த டாக்டர் எனக்கு வேணும்."

ஒக்தவியான் தன் செருப்பைப் பார்த்துவிட்டு அரை அடி பின்னால் நகர்ந்தான். தூ.

"என்கிட்ட சொல்லிப் பிரயோஜனம் இல்லைங்க ஐயா. இயந்திரத்துல பதியுங்க. அதுல ஏறினாத்தான் மேல தெரியும்."

அவர் போய்த் தொட்டார். ஒன்றும் நடக்கவில்லை. அழுத்தித் தொட்டார்.

"அந்த இடத்தை எடுத்துட்டோம் ஐயா" என்றான் ஒக்தவியான். "யாரும் தொடலை, சும்மா திரையை அடைச்சுக்கிட்டு இருந்துச்சு."

நிக்கிஃபோர் மறுபடியும் அதே இடத்தில் விரலை வைத்தார், எடுக்கவில்லை. இயந்திரம் கொஞ்சம் யோசித்தது.

"முட்டிவலி. சீட்டை எடுத்துக்கொள்ளவும்."

சீட்டை எடுக்காமல் என்னிடம் வந்து வில்லையை வைத்தார். கோட்டுக்குள் கையை விடத் தடுமாறினார். நான் வெளியே வந்து மாட்டிவிட்டேன். கூடமே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை நாள் காத்த மானத்தை விட்டுக்கொடுத்து அவர் வாங்கிக்கொண்டு போனது ஒன்றும் இல்லை.

அவர் கதவைத் தாண்டியபோது திரையில் அந்த இரண்டு முகங்களும் காத்திருந்தன. அடுத்து நின்றவள் பராஸ்கோவியா. கையை நீட்டி அவருக்காகப் பச்சையை அமுக்கினாள்.