பதினோரு முறை தவறு

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் பொறியியல் கல்லூரி ஒன்றில் ஆசிரியராக இருக்கிறேன். நான் தயாரித்த ஆன்லைன் பயிற்சித் தேர்வில் வகுப்பே முழு மதிப்பெண் வாங்கியிருந்தது. வத்திராயிருப்பிலிருந்து வரும் ஒரு மாணவி மட்டும் ஒரே கேள்வியில் பதினோரு முறை தவறியிருந்தாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

“குருட்டாம்போக்குல அமுக்குனா விடை வந்துருமா?” என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

அவள் நோட்டை நீட்டினாள். “எம்புட்டு தடவ போட்டாலும் இதான் சார் வருது.”

அவள் கணக்குச் சரி. பழைய கேள்வியைத் திருத்திய நான், சரியான விடைக்கான குறியை மாற்ற மறந்திருந்தேன்.

“நீங்கள்லாம் எப்படிலே போட்டீங்க?” என்று மற்றவர்களைக் கேட்டேன்.

“ஒருத்தன் நாலு ஆப்ஷனையும் அமுக்கிப் பாத்து, சரின்னு வந்தத வாட்ஸ்அப் குரூப்ல போட்டான் சார்” என்றான் ஒரு பையன்.

குறியை ஒரு நொடியில் மாற்றிவிட்டேன். கணக்குப் போட்ட ஒரே பிள்ளையைத் திட்டிய என் மேல்தான் இன்னும் ஆத்திரம் தீரவில்லை.