ஆட்டத்துக்கு முந்தின நாள் மொட்டை

பழனி அடிவாரத்தில் முடி இறக்கும் கொட்டகையில், கத்தி பிடிப்பவர்கள் வரிசையில் கடைசி ஆளாக உட்கார்ந்திருந்தவர் நாச்சிமுத்து. கொட்டகைக்கு எதிரே என் பூக்கடை. மாலை, சந்தனம், திருநீறு என்று அடிவாரத்தில் விலைபோகும் எல்லாம் அங்கே இருக்கும். இருபது வருசம் நாங்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் முழித்தோம். அவர் என்னைவிடப் பத்து வயசு மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார்.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. மற்றவர்கள் தலையை நனைத்தோமா, கத்தியை வைத்தோமா, அடுத்த ஆளைக் கூப்பிட்டோமா என்று இருப்பார்கள். நாச்சிமுத்து அப்படி இல்லை. கத்தியை எடுக்கும் முன்னால், "என்ன நேர்த்திங்க?" என்று கேட்பார். பிள்ளைக்குக் காய்ச்சல் குணமானது, கேணியில் தண்ணீர் வந்தது, பிரிந்துபோன மருமகள் திரும்பி வந்தது என்று ஒவ்வொருவரும் சொல்வார்கள். முழுவதும் கேட்டுவிட்டு, "முருகா" என்று சொல்லித்தான் முதல் இழுப்பு இழுப்பார். காரணம் தெரியாமல் ஒருவன் தலையில் கை வைப்பது திருட்டு மாதிரி என்பார். கூட்ட நாளில் இவரால் வரிசை நின்றுபோகும். பக்கத்து ஆட்கள் முனகுவார்கள். அவருக்குக் காதிலேயே விழாது.

இந்தச் சோலியை விட்டால் அவருக்கு இருந்தது புட்பால் ஒன்றுதான். எனக்கும் அப்படித்தான். அப்போது எங்கள் ஊரில் வேலவன் கிளப் என்று ஒன்று இருந்தது. மஞ்சள் சட்டை, பச்சை நிஜார். வீட்டு விசேஷத்துக்குப் போகாமல் இருந்தாலும் இருப்போம், வேலவன் ஆட்டத்துக்குப் போகாமல் இருக்க மாட்டோம். நாச்சிமுத்துவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கிளப்பின் கோல்கீப்பர் ஞானவேல் அவருடைய அக்கா சிவபாக்கியத்தின் மகன். அவர் மகள் கண்மணியை அவனுக்குத்தான் கொடுப்பதாகப் பேச்சு. தை மாதம் கல்யாணம். பையனும் பெண்ணும் ஒருத்தர்மேல் ஒருத்தர் உயிராக இருந்ததை அந்தத் தெருவில் நாய்கூட அறியும். ஞானவேலுக்கு ஒரு வேலை கிடைக்க வேண்டும், அதுவும் கத்தி பிடிக்காத வேலையாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நாச்சிமுத்துவின் ஆசை.

ஐம்பத்தெட்டாம் வருசம், ஆவணி மாதம். மலையடிவாரக் கோப்பை நடந்துகொண்டிருந்தது. வேலவன் ஏற்கெனவே இறுதி ஆட்டத்துக்குப் போயாயிற்று. இன்னொரு இடத்துக்குத்தான் போட்டி. எங்களோடு ஆடும் கடைசி ஆட்டத்தில், கொடைக்கானல் மேல்மலை கிளப் இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால் அவர்கள் வருவார்கள். இல்லாவிட்டால் திண்டுக்கல் கோட்டையடி கிளப் வரும். எங்களை எங்கள் ஊரிலேயே இரண்டு கோலில் ஜெயிப்பதா என்று நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். மேல்மலைக்காரர்கள் சனிக்கிழமையே வத்தலக்குண்டு சுற்றி லாரியில் வந்து இறங்கிவிட்டார்கள். அன்று காலை அவர்கள் கேப்டன் பழனிமுத்து என் கடையில் ஒரு மாலை வாங்கிக்கொண்டு நாச்சிமுத்து முன்னால் போய் உட்கார்ந்தான். பூண்டியில் வெள்ளைப்பூண்டு போடும் சம்சாரி அவன். பேச்சு வார்த்தையில் சூது தெரியாத ஆள்.

நாச்சிமுத்து வழக்கம்போலக் கேட்டார். நாளைக்கு ரெண்டு கோலில் ஜெயித்தால் மொட்டை போடுவதாக வேண்டியிருக்கிறேன் என்றான் பழனிமுத்து. நாளைக்குத்தானே ஆட்டம், இன்றைக்கே போடுகிறீர்களே என்றார் இவர். ஆட்டம் முடிந்த கையோடு லாரி கிளம்பிவிடும், மேலே பூண்டு தோண்டாமல் கிடக்கிறது, மழை வந்தால் அழுகிப்போகும், மறுபடி மலையிறங்கி வர தோதுப்படாது, சாமி கடனை மட்டும் தள்ளிப்போடக் கூடாது என்று அவன் பதில் சொன்னான். நாச்சிமுத்து அசந்துபோனார். நடக்காத காரியத்துக்கு முன்கூட்டியே முடி கொடுக்கிறான் என்றால் என்ன நம்பிக்கை இருக்க வேண்டும் என்று, எங்களுக்கு எதிர்க் கட்சிக்காரன் என்பதையும் மறந்து, பார்த்துப் பார்த்துச் சிரைத்துவிட்டார்.

மறுநாள் மேல்மலை இரண்டு கோல் போட்டது. முதல் கோலுக்கு ஞானவேல் பாய்ந்தான், ஆனால் பந்து போன பிறகு பாய்ந்தான். இரண்டாவது அவன் கால் நடுவில் உருண்டு போனது. பழனிமுத்துவின் மொட்டைத் தலையில் சந்தனம் வேர்வையோடு வழிந்ததும், அவன் சிரிக்காமல் நின்றதும் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஞானவேலுக்குக் கண்ணில் வெயில் அடித்தது என்று நாச்சிமுத்து எல்லோரிடமும் சொன்னார். வெயில் அவன் முதுகுப் பக்கம் இருந்தது. ஆனாலும் நானும் ஆமாம் என்றேன்.

தோற்ற வருத்தம் நாலு நாளில் ஆறிவிட்டது. அந்த மொட்டைக் கதை மட்டும் நின்றது. உட்காரும் தலைகளுக்கெல்லாம் நாச்சிமுத்து அதைச் சொன்னார். முருகன்மேல் அப்படி நம்பிக்கை வைத்தால் எது நடக்காது என்று முடிப்பார். எனக்கும் சொல்ல ருசியாக இருந்தது. அவரைவிட நான் நன்றாகவே சொன்னேன். ஒருவருக்கும் அது தப்பாகப் படவில்லை. எங்கள் ஊரில் சாமியை வைத்துச் சொன்னால் எதுவும் தப்பாகப் படாது.

இறுதி ஆட்டத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, பேரனுக்கு முடி இறக்க ஒரு திண்டுக்கல்காரர் என் கடைக்கு வந்தார். பேச்சுவாக்கில், கோட்டையடி கிளப்புக்காரர் என்று தெரிந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். நாக்கு சும்மா இருந்தால்தானே. உங்கள் கிளப் இறுதி ஆட்டத்துக்கு வராமல் போனது யாரால் தெரியுமா, எங்கள் முருகனால் என்று ஆரம்பித்து முழுக் கதையையும் சொன்னேன். நம்பிக்கை இல்லையென்றால் கடைசியில் உட்கார்ந்திருக்கிற நாச்சிமுத்துவையே போய்க் கேளுங்கள் என்று கை காட்டி அனுப்பினேன். அவர் சிரிக்கவில்லை. போய்க் கேட்டார். பேரன் மொட்டைத் தலையில் சந்தனம் காய்வதற்குள் பஸ் ஏறிவிட்டார்.

இரண்டு கோலில் ஜெயிப்பது முந்தின நாளே எப்படித் தெரிந்தது என்று கேட்டு அந்த வாரமே கோட்டையடியிலிருந்து புகார் போனது. இறுதி ஆட்டத்தை நிறுத்தினார்கள். கால்பந்துச் சங்கத்திலிருந்து மூன்று பேர் விசாரணைக்கு வருவதாகச் செய்தி வந்தது. முந்தின நாள் சாயங்காலம் ஞானவேல் மாமா வீட்டுக்கு வந்து உண்மையைக் கொட்டிவிட்டான். நானும் அங்கே இருந்தேன். ஆட்டம் முன்பே பேசி முடிக்கப்பட்டது. விட்டுக்கொடுத்தால் வேலவன் ஆட்கள் மூன்று பேருக்குத் தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் வேலை, குடியிருக்க வீடு. கிளப் செயலாளரே பேசி முடித்தது. அந்த மூன்று பேரில் ஞானவேல் ஒருவன். கண்மணியைக் கூட்டிக்கொண்டு போகத்தான் செய்தேன் என்று அழுதான். மலைக்காரர்கள் எல்லோரையும் ஏமாற்றினார்கள், அந்தப் பழனிமுத்து முருகனை மட்டும் ஏமாற்றப் பயந்தான். அந்தப் பயம்தான் எல்லோரையும் காட்டிக்கொடுத்தது.

சிவபாக்கியம் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பழனிமுத்து பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வேண்டி மொட்டை போட்டான், அவ்வளவுதான் தெரியும் என்று சொல்லிவிடு என்றாள். ஒரு வார்த்தைதானே, கிளப்பும் பிழைக்கும், பையனும் பிழைப்பான் என்று நானும் சொன்னேன். நான் எதைக் காப்பாற்றப் பார்த்தேன் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

நாச்சிமுத்து அவள் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டார். பிறகு அக்காவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"ஒருத்தன் தலையக் குனிஞ்சு எங்கிட்ட சொன்ன வேண்டுதலை நான் மாத்திச் சொல்லிட்டா, நாளைக்கு எந்தத் தலையில தம்பி கத்தி வைப்பேன்?"

விசாரணை ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நாங்கள் வெளியே ஜன்னலில் தொங்கிக்கொண்டு நின்றோம். நாச்சிமுத்து துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு, நடந்ததை நடந்தபடி சொன்னார். இந்தக் கதையை வெளியே யார் கொண்டுபோனது, முதலில் யாரிடம் சொன்னீர் என்று கேட்டார்கள். அவர் ஒரு தடவை ஜன்னல் பக்கம் பார்த்தார். "வந்து உக்காந்த தலைகிட்ட எல்லாம் சொன்னேனுங்க. எங்கிட்ட இருந்துதான் போயிருக்கும்" என்றார். நான் மூச்சு விட்டேன். அப்படி மூச்சு விட்டதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

வேலவனுக்கும் மேல்மலைக்கும் ஐந்து வருசத் தடை. ஞானவேலும் பழனிமுத்துவும் இன்னும் நாலு பேரும் ஆயுசுக்கும் ஆடக் கூடாது.

அந்த வாரம் ஊர் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. கிளப் போர்டைக் கழற்றி வையாபுரிக் குளத்தில் போட்டார்கள். யார் போட்டார்களோ அவர்களே மறுநாள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தேடினார்கள். சுண்டல் விற்கும் அன்னக்கொடி, ஆட்டமே இல்லாத ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குக் கூடையோடு போய் உட்கார்ந்துவிட்டு வந்தாள். ஊரில் எவன் விட்டுக்கொடுக்கவில்லை, நம்மை மட்டும்தான் பிடித்தார்கள் என்று சிலர். ஞானவேல் வீட்டு வாசலில் மஞ்சள் சட்டையைக் கொளுத்தியவர்கள் சிலர். மேல்மலையிலும் இதே கூத்துதான் என்று கேள்வி. பூண்டியில் பழனிமுத்துவை ஆட்டத்தை விற்றதற்காகத் திட்டவில்லையாம், மொட்டையை அவசரப்பட்டுப் போட்டதற்காகத் திட்டினார்களாம்.

எல்லாக் கோபமும் சுற்றிச் சுற்றிக் கடைசியில் ஒரே இடத்தில் வந்து இறங்கியது. செயலாளர் பெரிய இடம், அவரை ஒன்றும் சொல்ல முடியாது. ஆடினவர்கள் நம் பிள்ளைகள். மிச்சம் இருந்தது நாச்சிமுத்து. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாமல் கிளப்பையே கெடுத்தான், சொந்த அக்கா மகன் வாயில் மண்ணைப் போட்டான் என்றார்கள். உள்ளூர்த் தலை ஒன்றும் அவரிடம் உட்காரவில்லை. வெளியூர்க் கூட்டத்தையும் பக்கத்து ஆட்கள் முன்வரிசைக்கு இழுத்துக்கொண்டார்கள். நான் யாரையும் தடுக்கவில்லை. ஆனால் என் கடைக்கு வருகிறவர்களை அவரிடம் அனுப்புவதை நிறுத்தினேன். எதிரே கையைக் கட்டிக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க முடியாமல், பூக்கூடையை நகர்த்தி மறைப்பாக வைத்துக்கொண்டேன்.

எஸ்டேட் வேலை போயிற்று. ஞானவேல் மூணாறுப் பக்கம் போனான் என்றார்கள். திரும்பவே இல்லை. சிவபாக்கியம் தம்பி வீட்டுப் படி ஏறுவதை விட்டாள். கண்மணி இரண்டு வருசம் காத்திருந்தாள். பிறகு அய்யம்பாளையத்தில், மனைவி இறந்த ஒருவருக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். அந்தக் கல்யாணத்துக்கு மாலை என் கடையில் வாங்கவில்லை. நான் கொடுத்திருந்தாலும் அவள் கழுத்தில் கனத்திருக்கும்.

அறுபத்து மூன்றில் தடை முடிந்தது. வேலவன் மறுபடி களத்தில் இறங்கினால் மொட்டை போடுவதாக நானும் வேண்டியிருந்தேன். முதல் ஆட்டத்துக்குப் போனேன். சட்டை அதே மஞ்சள், ஆட்கள் புதுசு. கூட்டம் நூறு பேர் இருக்கும். எங்கள் பையன் ஒருவன் கோலுக்கு நேரே நின்று வெளியே அடித்தான். முன்பானால் ஐயோ என்று மைதானமே எழுந்து நிற்கும். இப்போது பின்னால் ஒருவர், "இது யாரு பேசி முடிச்சது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பையன் அதைக் கேட்டுத் தலையைத் தொங்கப்போட்டான். அவன் அந்த ஊழல் நடந்தபோது பள்ளிக்கூடத்தில் இருந்தவன். ஐந்து வருசத்தில் தடை முடிந்தது, ஆனால் ஒருவன் தவறவிடுவதை நம்ப எங்களுக்குப் பிறகு முடியவே இல்லை. பாதி ஆட்டத்தில் எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் வெள்ளனே கடையைத் திறக்காமல் நேரே கொட்டகைக்குப் போய் நாச்சிமுத்து முன்னால் உட்கார்ந்தேன். ஐந்து வருசம் கழித்து. என்ன நேர்த்தி என்று கேட்பார், எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று இரவெல்லாம் வார்த்தை கூட்டி வைத்திருந்தேன். அவர் தலையை நனைத்தார், தேய்த்தார், கத்தியை எடுத்தார்.

"அண்ணே, என்ன நேர்த்தின்னு கேக்கலையே" என்றேன்.

"இப்பல்லாம் யாரையும் கேக்குறதில்ல தம்பி. தலையக் குனிங்க."

குனிந்தேன். முதல் கொத்து முடி மடியில் விழுந்தது. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அந்தத் திண்டுக்கல்காரரை உங்ககிட்ட அனுப்பிவச்சது நான்தாண்ணே."

கத்தி நிற்கவில்லை.

"தெரியும் தம்பி. பூக்கடைக்காரர் அனுப்புனாருன்னு சொல்லித்தான அவரு வந்து உக்காந்தாரு."

அன்றைக்கு விசாரணையில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் என் காது மடலை மடக்கிப் பிடித்து, ஓரத்தைச் சிரைத்துக்கொண்டே பதில் சொன்னார்.

"உங்களுக்குக் கடை இருக்கு, சின்னப் புள்ளைக இருக்கு. சொல்லியிருந்தா உங்களையும் ஒதுக்கியிருப்பாங்க. ஒருத்தன் போதாதா?"

பிறகு, "ஆடாதீங்க தம்பி, கத்தி பட்டுரும்" என்றார். என் உடம்பு நிற்கவில்லை. இடது கையால் என் தலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மிச்சத்தையும் சிரைத்து முடித்தார்.