சுருங்கிய சுரப்பியும் ராஜேஸ்வரி கேட்ட கேள்வியும்

டாக்டர் ராஜேஸ்வரி காலமாகிவிட்டார் என்று அவருடைய மகள் தொலைபேசியில் சொன்னபோது, "இதிலும் முந்திக்கொண்டாளே" என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அழுகை பிறகுதான் வந்தது. அவரிடம் பாடம் படித்த உங்களுக்கு இது உறுத்தலாம். ஆனால் வாழ்நாள் முழுக்க அவர்மேல் பொறாமைப்பட்டவள் நான். அதை மறைத்து அஞ்சலி எழுதினால் அவரே சிரிப்பார்.

மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் அறிவித்த அவசரகாலத்தில் நாங்கள் இருவரும் மலாக்காவில் ஒரே மருத்துவமனையில் இளம் மருத்துவர்கள். தோட்டங்களைச் சுற்றி முள்வேலி. காட்டிலிருந்த கிளர்ச்சிக்காரர்களுக்குப் போய்விடக் கூடாதென்று அரிசி அளந்துதான் கிடைக்கும். சிம்பாங் அம்பாட் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டும் அஞ்சலை, தட்டம்மை கண்ட மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். "ரேசன் அரிசி பத்தலங்க டாக்டரம்மா. வெறுங்கஞ்சி ஊத்தித்தான் வளத்தேன்" என்றார். குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை.

பிரேதப் பரிசோதனையில் இருவரும் நின்றோம். மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பி அந்த வயதில் பெரிதாக இருக்க வேண்டும். அவளுக்கு வாடிய வெற்றிலைபோல் இருந்தது. அந்தச் சுரப்பி எதற்கென்று அன்று யாருக்கும் தெரியாது. "பட்டினியில் சுருங்கும்" என்றார் பெரிய டாக்டர். நான் எழுதிக்கொண்டேன். ராஜேஸ்வரி கேட்டார்: "இது சுருங்கியதால்தான் அம்மையை எதிர்த்து நிற்க முடியவில்லையோ?"

பெரிய டாக்டர் நிமிர்ந்து அவரையே பார்த்தார். அப்படி ஒரு பார்வை எனக்கு என்றும் கிடைத்ததில்லை. நானும் அதே உடலைத்தான் பார்த்தேன்.

அஞ்சலையின் மகனுக்கு அப்போது நோய் இல்லை. அவனையும் ராஜேஸ்வரி வார்டில் சேர்த்தார். "நல்லா இருக்கிற பிள்ளைக்குக் கட்டிலா?" என்றேன்.

"அம்மை வர்றதுக்குள்ள கொஞ்சம் தேறட்டும்லா, வேதா."

பாலும் முட்டையும் கொடுத்தார். அம்மை வரத்தான் செய்தது, பையன் பிழைத்தான். எது காப்பாற்றியது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. காய்ச்சல் ஏறியபோது பக்கத்தில் இருந்தவள் நான். அஞ்சலை கும்பிட்டது ராஜேஸ்வரியை.

அவசரகாலம் முடிந்த சில ஆண்டுகளில் வெளிநாட்டு ஆய்வுகள் வந்தன. எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் செல்கள் தைமஸுக்கு வந்து முதிர்கின்றன. உடலின் சொந்த அடையாளத்தை அறிய முடியாதவை அங்கேயே மடிகின்றன. சொந்த உடலையே தாக்கக்கூடியவையும் பெரும்பாலும் மடிகின்றன. தேறிய சிலவே டி செல்களாக வெளியேறி நோயை எதிர்க்கின்றன. இவையெல்லாம் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. ராஜேஸ்வரி மேற்படிப்புக்குப் போய், அதையே கற்பிக்கும் பேராசிரியராகத் திரும்பினார். நான் டுரியான் துங்கால் என்ற சிற்றூரில் கிளினிக் வைத்தேன்.

அவருடைய பணிநிறைவு விழாவில் மேடையிலிருந்து என்னைக் காட்டி, "அந்தச் சுரப்பியைப் பார்த்து நாங்கள் இருவரும்தான் யோசித்தோம்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தன் பெருமையில் பாதியைச் சும்மா தூக்கிக் கொடுக்க அவரால் முடிந்தது. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் கொடுத்திருக்க மாட்டேன்.

அவர் கேள்விகள் உங்களிடம் இருக்கும். என்னிடம் இருப்பது இந்தப் பொறாமைதான். அவர் போன பிறகும் அது குறையவில்லை. நேற்றுகூட ஒரு மருத்துவ இதழைப் புரட்டும்போது, "இதை ராஜிக்கு முன்னால் படித்துவிட வேண்டும்" என்று அவசரமாகக் கண்ணாடியைத் தேடினேன்.