ஹாமார்: கண்ணாடிக்குள் ஒரு கலியாண இடம்

ஹாமாருக்கு நாங்கள் சும்மா ஊர் பார்க்கப் போகவில்லை. அங்கேயுள்ள பழைய தேவாலய இடிபாட்டுக்குள்தான் தன் கலியாணம் என்று மகள் ஆரணி சொல்லிவிட்டாள். மாப்பிள்ளையின் பெயர் ஐவர், நோர்வேக்காரர்; அது அவரின் ஊர். ஐவரை என் கணவருக்கு நன்றாகப் பிடிக்கும், இடம்தான் பிடிக்கவில்லை.

“இடிஞ்ச இடத்திலை ஆரும் விளக்கேத்துவினமோ? அங்கை வைச்சால் நான் வரமாட்டன்.”

என் கணவர் தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிறவர். மூன்று கிழமையாக அப்பாவும் மகளும் கதைக்கவில்லை. பார்த்துவிட்டு வந்து மறுத்தால் நியாயம் என்று சொல்லிச் சொல்லி, மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை இவரைக் கிளப்பினேன்.

நாங்கள் இருக்கும் ரொம்சோஸிலிருந்து டி-பானே என்ற சுரங்க ரயிலில் ஒஸ்லோ மத்திய நிலையம், அங்கிருந்து 9.34 ரயில். சுமார் 125 கிலோமீற்றர், ஒன்றேகால் மணி நேரப் பயணம். முன்கூட்டியே எடுத்ததால் சீட்டு ஆளுக்கு 249 குரோனர். போகும்போது இடப்பக்கம் உட்காருங்கள், பாதி வழிக்குப் பிறகு மியோசா ஏரி கூடவே வரும். இவர் பஸ் ஓட்டுகிறவர். ஏரியைப் பார்க்காமல், ரயில் சாரதி பிரேக் பிடிக்கிற விதத்துக்குப் புள்ளி போட்டுக்கொண்டு வந்தார்.

நிலையத்திலிருந்து ஏரிக்கரைப் பாதையில் நாற்பது நிமிடம் நடந்தோம். பஸ்ஸும் உண்டு, ஆனால் நடப்பதுதான் அழகு. மத்திய காலத்தில் இது ஆயர் (பிஷப்) இருந்த சின்னப் பட்டினம். 1567 இல் சுவீடன் படை தேவாலயத்தை அழித்துவிட்டுப் போனது. மிஞ்சிய நான்கு வளைவுகளையும் சுவர்களையும் மழையும் உறைபனியும் தின்னாமலிருக்க, மேலே பெரிய கண்ணாடி வீடு கட்டியிருக்கிறார்கள். உள்ளே போனதும் வெளிச்சம் வந்து முகத்தில் விழுந்தது. எனக்கு அந்த இடம் அப்படியே பிடித்துப்போனது.

ஏன் திரும்பக் கட்டவில்லை என்று இவர் அங்கே வேலை செய்த பெண்ணிடம் நோர்வே மொழியில் கேட்டார். கட்டினால் அது வேறு கோயிலாகிவிடும், மிஞ்சினது இவ்வளவுதான், அதை நனையாமல் பார்த்துக்கொள்கிறோம் என்றாள். இவர் மேலே பார்த்தபடி நின்றார்.

வீட்டில் சொன்னால் சண்டையாகிவிடும் என்று நான் அடக்கி வைத்திருந்த ஒன்றை அப்போதுதான் சொன்னேன்.

“இஞ்சாருங்கோ, நீங்கள் எனக்குத் தாலி கட்டினதும் ஊரிலை ஷெல்லடியிலை கூரை போன கோயிலுக்குள்ளைதானே. எங்களுக்கு என்ன குறைஞ்சது?”

இவர் குனிந்தார், சப்பாத்தைக் கழற்றினார், காலுறையையும் கழற்றினார். அந்தக் குளிர்ந்த கல்லில் வெறுங்காலோடு வளைவுகளைச் சுற்றி வந்தார். நானும் கழற்றிவிட்டுப் பின்னால் போனேன். அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது?

திரும்பும் ரயிலில் ஏரியைப் பார்த்தபடி சொன்னார்:

“நிறைகுடத்தை முதல் வளைவுக்குக் கீழை வைக்கலாம். மாவிலைக்குக் கடையிலை இப்பவே சொல்லிவைக்கவேணும்.”

போக நினைப்பவர்களுக்கு: கோடையில் போங்கள், திறக்கும் நேரத்தை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஏரிக்காற்று குளிரும், சால்வை தேவை. ஓகஸ்ட் இரண்டாம் சனி மட்டும் சுற்றிப் பார்க்கப் போகாதீர்கள். அன்றைக்கு வருவதானால் சேலை உடுத்திக்கொண்டு வாருங்கள், வாசலில் பன்னீர் தெளிக்க ஆரணியின் அப்பா நிற்பார்.